கவனத்தில் எடுக்கப்படும்

அனிஸ்ரனின் நியமனக் கடிதத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பிரதேச சபைக்கு அலுவலாக வருகிற சனம் அவனை 'பேஸ்புக் தம்பி' என்றே சொல்லும். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் யோசெப்பின் மூத்த மகன் அவன். பட்டம் முடித்து நாலு வருடம் வேலைக்கு அலைந்து, கடைசியில் கடலிலிருந்து முப்பது கிலோமீற்றர் உள்ளே, வயலும் காடுமாய்க் கிடக்கும் இந்தச் சபைக்கு வந்து சேர்ந்தான். வந்த புதிதில் அவனுக்கு ஒரு மேசை தந்தார்கள். அதில் செய்வதற்கு வேலை என்று எதையும் தரவில்லை. சபைக்கு ஒரு முகநூல் பக்கம் இருந்தது. யாரோ எப்போதோ திறந்து, ஒரு சிரமதானப் படத்தோடு கைவிட்டிருந்தார்கள். அவன் அதைக் கையிலெடுத்தான்.

இரண்டு வருடத்தில் பதினோராயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். குப்பை உழவுயந்திரம் எந்தக் கிழமை எந்த ஒழுங்கைக்கு வரும், நுளம்புப் புகை எங்கே அடிப்பார்கள், நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டும் என்றெல்லாம் சனம் அதிலேதான் பார்த்தது. கனடாவிலும் பிரான்சிலும் இருந்தவர்கள்கூட ஊர் றோட்டின் படத்தைக் கண்டு இதயம் போட்டார்கள். அனிஸ்ரனுக்கு அதில் உண்மையான பெருமை இருந்தது. அவன் சோம்பேறியோ கெட்டவனோ அல்ல.

சிக்கல் வந்தது தெருவிளக்கு விசயத்தில். போன வருடம் புது விளக்குகள் பூட்டிய படத்தின் கீழே நாற்பது ஐம்பது பேர் சபையைத் திட்டித் தீர்க்க, அதை ஒருவர் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். செயலாளர் சாரங்கா விளக்கம் எழுதிக் களைத்துப்போனா. நேர்மையான மனுசி. ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் கதைப்பா.

"பக்கத்திலை ஊத்தை தெரியக்கூடாது, அனிஸ்ரன். எப்பிடிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது."

அவன் வழி கண்டுபிடித்தான். ஒரு கருத்தை அழித்தால் எழுதினவருக்குத் தெரிந்துவிடும். அவர் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அழிக்காமல் மறைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எழுதினவருடைய போனில் அது போட்ட இடத்திலேயே கிடக்கும். அவருடைய முகநூல் நண்பர்களுக்கும் தெரியும். மற்ற ஒருவர் கண்ணிலும் படாது. இதற்கு மேல் அனிஸ்ரன் தன் மூளையாலும் ஒன்றைச் சேர்த்தான். மறைப்பதற்கு முன் 'உங்கள் கருத்துக்கு நன்றி. கவனத்தில் எடுக்கப்படும்' என்று ஒரு பதிலைப் போட்டுவிடுவான். எழுதினவர் பதில் வந்துவிட்டது என்ற திருப்தியோடு போய்விடுவார். கிளிநொச்சியில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் இந்த உபாயத்தை முப்பது உத்தியோகத்தர்களுக்கு விளங்கப்படுத்தினான். அவர்கள் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள். முடிவில் கைதட்டினார்கள்.

ஐப்பசி நடுவில் நாவலடிப்பிட்டி றோட்டில், வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் புது மதகு திறந்தார்கள். தவிசாளர் நாடா வெட்டினார், பிள்ளைகள் பூக்கொத்துக் கொடுத்தார்கள், அனிஸ்ரன் இருபத்திரண்டு படம் போட்டான். மூன்றாம் நாள் தேத்தண்ணி நேரத்தில் அதன் கீழே ஒரு கருத்து வந்தது. மீராசாகிபு என்று ஒருவர் எழுதியிருந்தார்.

'மதகு நல்லம். ஆனா கிழக்குப் பக்கம் அணைச்ச மண் இறுகேல்லை. மழைக்குக் கரைஞ்சு போகும். கரையிலை கம்பியும் இல்லை. தண்ணி மூடினா விளிம்பு தெரியாது. இப்போதைக்கு ஒரு சிவப்பு நாடாவாவது கட்டிவிடுங்கோ.'

கூடவே ஒரு படம். மண்ணில் ஓடிய வெடிப்புக்குள் தன் செருப்புக் காலை வைத்து, அளவு தெரியட்டும் என்று எடுத்திருந்தார்.

அனிஸ்ரன் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான். மனுசன் சொல்வது சரிபோலத்தான் இருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குச் சொல்லவேணும் என்று நினைத்தான். அவர் அன்று லீவு. அடுத்த நாள் மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முதலில் பார்க்கப்போவது இந்தப் பதிவைத்தான். நன்றி, கவனத்தில் எடுக்கப்படும் என்று பதில் போட்டான். பிறகு மறைத்தான். பிறகு தேத்தண்ணியைக் குடித்தான்.

அடுத்த நாள் அதை மறந்துபோனான். மறந்தது உண்மை. ஆனால் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் மறந்திருக்க முடியாது.

மார்கழி முதற் கிழமையில் நாலு நாள் விடாமல் மழை அடித்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, நாவலடிப்பிட்டி முன்பள்ளி ரீச்சர் றஞ்சனி ஸ்கூட்டியில் மதகடிக்கு வந்தா. தண்ணீர் றோட்டை ஒரு சாண் உயரத்துக்கு மூடி ஓடிக்கொண்டிருந்தது. நடுவால்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனவாவின் முன் சில்லு, மண் கரைந்துபோன கிழக்குப் பக்கத்தில் இறங்கியது. ஸ்கூட்டியோடு கீழே போனா. வலது கை கொங்கிறீற்றுக்கும் வண்டிக்கும் நடுவில் அகப்பட்டது. வயலுக்குப் போன ஆட்கள் கண்டு இறங்கி இழுத்தெடுத்தபடியால் உயிர் தப்பியது. கை முழங்கைக்கு மேலும் கீழும் நொறுங்கிப்போனது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சபைக்குச் செய்தி வந்தபோது அனிஸ்ரன் டெங்கு வாரத்துக்குச் சுவரொட்டி செய்துகொண்டிருந்தான். பக்கத்து மேசைத் தேனுகாதான் போனை வைத்துவிட்டுச் சொன்னாள். "நாவலடிப்பிட்டி மதகிலை ஒரு ரீச்சர் விழுந்திட்டாவாம். மண் அரிச்சுப்போய்க் கிடந்ததாம்."

அவன் சுவரொட்டியை அப்படியே விட்டான். பக்கத்தைத் திறந்து ஐப்பசி வரை இழுத்துக்கொண்டு போனான். பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மங்கிய எழுத்தில் அது அப்படியே இருந்தது. செருப்புக் கால், வெடிப்பு, சிவப்பு நாடா. அதற்குக் கீழே அவனுடைய நன்றி.

மத்தியானம் செயலாளர் கூப்பிட்டு, சாரதிகள் அவதானமாகச் செல்லவேண்டும் என்று ஒரு அறிவித்தல் போடச் சொன்னா. போட்டான். இருநூறு பேர் தகவலுக்கு நன்றி என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் மீராசாகிபு சபைக்கு நேரே வந்தார். அறுபது வயது இருக்கும். தொப்பி போட்டு, சாரத்தை நனையாமல் உயர்த்திக் கட்டி, போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது வெளிக்கிட்டுப் புத்தளத்தில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, திரும்பி வந்து தன் காணியில் வயல் செய்கிறவர். நாவலடிப்பிட்டியில் அப்படித் திரும்பி வந்தவை நாலு குடும்பம்தான். ஊர்ப் பெடியள் அவரை அண்ணன் என்ற முறையில் 'நானா' என்று கூப்பிடுவார்கள்.

செயலாளரின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் அவர் நுனியில் இருந்தார். விசயம் பக்கத்தைப் பற்றியது என்றபடியால் சாரங்கா அனிஸ்ரனையும் கூப்பிட்டிருந்தா.

"மேடம், நான் அப்பவே எழுதினனான். சபையிலை இருந்து பதிலும் வந்தது. அதை நம்பி ஊரிலை போய்ச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னீங்கள் ஐயா?"

"எங்கடை பெடியள் எல்லாரும் சேர்ந்து ரெண்டு பக்கமும் தடி நட்டுக் கயிறு கட்டுவம் எண்டு நிண்டவங்கள். நான்தான் மறிச்சனான். சபைக்கு அறிவிச்சிட்டன், கவனத்திலை எடுக்கிறம் எண்டு எழுதியிருக்கினம், நாங்கள் கை வைச்சா அவையின்ரை வேலையிலை தலையிட்ட மாதிரி இருக்கும் எண்டு சொல்லிப்போட்டன்." போன் சுற்றின பையை அவிழ்க்கத் தொடங்கினார். "இப்ப அவங்கள் தங்கடை போனிலை தேடிப் பார்க்கிறாங்கள். ஒண்டையும் காணேல்லை. என்ரை போனைக் காட்டினாலும் நம்புறாங்கள் இல்லை. நானா பொய் சொல்லிப்போட்டார் எண்டு கதைக்கினம். ரீச்சரின்ரை மனுசன் பிரசாந்தன் பள்ளிவாசல் வாசல்லை வைச்சுக் கேட்டவர், உங்களை நம்பித்தானே நானா நாங்கள் சும்மா இருந்தனாங்கள் எண்டு."

போனைப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். செயலாளர் வாசித்தா. பிறகு தன் போனை எடுத்து அதே பதிவைத் திறந்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தா.

"என்ரை போனிலை இல்லையே ஐயா." அனிஸ்ரன் பக்கம் திரும்பினா. "என்ன இது?"

அவன் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இருந்தது மூன்று பேர்தான். அந்த மனுசன் அவனைச் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. படித்த பிள்ளை, விளங்கப்படுத்துவான் என்ற நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேஸ்புக் சில நேரம் அப்பிடித்தான் ஐயா," என்றான் அனிஸ்ரன். "நெற்வேர்க் பிழையாயிருக்கும்."

"அப்ப என்ரை போன்தான் பிழையோ?" மீராசாகிபு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகள் புத்தளத்திலை வாங்கித் தந்தது. அவளுக்கும் அது தெரியுது எண்டுதான் சொன்னவள்." எழும்பினார். "சரி மேடம். உங்கடை நேரத்தை வீணாக்கிப்போட்டன். குறை நினைக்காதீங்கோ."

அவர் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போவதை அனிஸ்ரன் யன்னலால் பார்த்தான். முதல் செய்தது கவனமின்மை என்று அதுவரை தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது செய்ததற்கு அப்படி ஒரு பெயர் அகப்படவில்லை.

சனிக்கிழமை மாதா கோவிலில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். தாய் புனிதமலர் காலையிலேயே ஞாபகப்படுத்தியிருந்தா. அனிஸ்ரன் வரிசையில் நின்று, முழங்காலில் இருந்து, கோபப்பட்டதையும் ஞாயிறு பூசைக்கு வராததையும் தகப்பனோடு எதிர்த்துக் கதைத்ததையும் சொன்னான். சுவாமி, வேறு ஏதும் உண்டா மகன் என்று கேட்டார். இல்லை என்றான். வெளியே வந்து கோவில் மணலில் நின்றபோது தகப்பன் யோசெப் கேட்டார், "என்னடா, காய்ச்சல்காரன் மாதிரி நிக்கிறாய்?" மழையில் நனைந்தது என்றான்.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அவன் அந்தக் கருத்தை மறைப்பிலிருந்து எடுத்துவிட்டான். ஒரு அழுத்தம்தான். இனி ஊர்ச்சனம் பார்க்கும், மீராசாகிபு பொய்யர் இல்லை என்று தெரியும், அதோடு எல்லாம் சரி வரும் என்று கணக்குப் போட்டான். தன்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

பின்னேரத்துக்குள் அது ஊர் முழுக்கப் படமாகச் சுற்றியது. 'சபைக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்னமே தெரியும்' என்று ஒரு பகுதி. 'நேற்று இல்லாதது இண்டைக்கு எப்படி வந்தது? நானா யாரையோ பிடித்து இப்ப போடுவித்திருக்கிறார்' என்று இன்னொரு பகுதி. மீராசாகிபுவின் பெயர் துடைபடவில்லை. ஊத்தை இன்னும் பரவியது.

செவ்வாய்க்கிழமை செயலாளர் அனிஸ்ரனையும் தேனுகாவையும் அறைக்குக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் நிறுத்தினா. பக்கத்தைத் திறக்கிற அனுமதி அவர்கள் இருவருக்கும்தான் இருந்தது. தேனுகா பயிலுனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கிறவள்.

"மேலிடத்திலை இருந்து கேக்கினம். ஆரோ மறைச்சு, ஆரோ எடுத்திருக்கினம். தேனுகா, நீங்கள் தட்டுப்பட்டுச் செய்திருப்பீங்களோ? வேலை பழகிற பிள்ளை, பிழை வரும். சொன்னால் முடிச்சிடலாம்."

"நான் தொடேல்லை மேடம்," என்றாள் தேனுகா. "எனக்கு அது செய்யத் தெரியாது."

செயலாளர் பேனையை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினா. அந்தப் பேனை தாளில் ஓடுவதைப் பார்த்தபோது அனிஸ்ரனுக்கு இனி ஒளிந்துகொள்ள இடம் மிச்சம் இல்லை என்று தெரிந்தது.

"நான்தான் மேடம். மறைச்சதும் நான்தான், எடுத்ததும் நான்தான். அண்டைக்கு அந்த ஐயாவுக்குச் சொன்னதும் பொய்."

செயலாளர் தேனுகாவை வெளியே போகச் சொன்னா. எழுதத் தொடங்கின தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டா.

"தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு அறிக்கை எழுதுங்கோ," என்றா. "ஒருத்தருக்கும் விளங்காது. அதோடை முடியும்."

"எழுத ஏலாது மேடம்."

"அப்ப ஊத்தை தெரியக்கூடாது எண்டு நான் சொன்னதையும் எழுதப் போறீங்களோ?" அவாவின் குரலில் கோபம் இருக்கவில்லை, பயம்தான் இருந்தது.

"நான் செய்ததை மட்டும் எழுதுறன். ஆனா முதல் அந்த ஐயாட்டைப் போகவேணும்."

அவா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

மீராசாகிபு வீட்டு முற்றத்தில் நெல்லுச் சாக்குகளை மழைக்கு மூடிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்கோ தம்பி. நேற்று வந்திட்டுது, கண்டனீங்களோ? நெற்வேர்க் சரியாயிட்டுது போலை." மனைவி சரீபாவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். அந்த வரவேற்பைத் தாங்கிக்கொண்டு நிற்பதுதான் அன்றைக்கு மிகக் கடினமாக இருந்தது.

அவன் கதிரையில் இருக்காமலே சொன்னான். மறைப்பது என்றால் என்ன, எப்படி மறைத்தது, ஏன் அவருடைய போனிலும் மகளின் போனிலும் மட்டும் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னான். நன்றி போட்டது எதற்கு என்பதையும் ஒளிக்கவில்லை.

மீராசாகிபு சாக்கின் மேல் இருந்துவிட்டார். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது.

"அப்ப நான் எழுதினதை ஒருத்தரும் பார்க்கேல்லையோ?"

"நான் பார்த்தனான் ஐயா."

"பார்த்திட்டோ?"

"ஓம். படத்தையும் பெருப்பிச்சுப் பார்த்தனான்."

சரீபா தேத்தண்ணியோடு வந்து, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, கோப்பையை வைக்காமல் நின்றா.

"நீ என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை தம்பி," என்றார் மீராசாகிபு. அதுவரை நீங்கள் என்று சொன்னவர். "அழிச்சிருந்தாலும் பரவாயில்லை. அண்டைக்கே நான் பெடியளோடை போய்க் கயிறு கட்டியிருப்பன். நன்றி எண்டு போட்டாயே. அதுதான் என்னை வீட்டிலை இருத்தினது." எழும்பித் தொப்பியைச் சரி செய்தார். "எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பிரசாந்தன்ரை வீட்டுக்கு வா. அங்கை சொல்லு. நான் பக்கத்திலை நிண்டு கேக்கவேணும்."

றஞ்சனி முதல் நாள்தான் ஆஸ்பத்திரியால் வந்திருந்தா. கையில் தகடு வைத்துக் கட்டி, தலையணையில் உயர்த்தி வைத்திருந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை, வருமோ வராதோ சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிரசாந்தன் மீராசாகிபுவைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். அனிஸ்ரன் இரண்டாம் தரமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். பாதியில் பிரசாந்தன் எழும்பி அவனுடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்தான். மீராசாகிபுதான் நடுவில் வந்து கையை எடுத்துவிட்டார். பிரசாந்தன் அவரைப் பார்த்தான். "நானா, நான் உங்களை..." என்று தொடங்கி, முடிக்காமல் பின்வளவுப் பக்கம் நடந்தான். அவர் அவனுக்குப் பின்னால் போனார்.

றஞ்சனி அவனைத் திட்டவில்லை. அழவும் இல்லை. நேராகப் பார்த்துக் கேட்டா.

"இப்பிடி எத்தினை பேர் எழுதினதை மறைச்சனீர்?"

"தெரியாது ரீச்சர்."

"எண்ணிப் பாரும்," என்றா. பிறகு கண்ணை மூடிக்கொண்டா.

அடுத்த நாள் காலை அனிஸ்ரன் சபையின் பக்கத்தில் பத்து வரி எழுதினான். கருத்தை மறைத்தது தானே என்றும், மீராசாகிபு சொன்னது முழுவதும் உண்மை என்றும் சொல்லி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டான். செயலாளர் அதை வாசித்துவிட்டு அழிக்கச் சொல்லவில்லை. மத்தியானம் விசாரணைக்குக் கடிதம் வந்தது. மாசி மாதத்தோடு வேறு இடத்துக்கு மாற்றம் என்று பிறகு தெரிந்தது. பதிவின் கீழே சனம் அவனைத் தின்றது. அதில் ஒன்றையும் ஒருவரும் மறைக்கவில்லை.

கிளிநொச்சியில் அவனிடம் பயின்ற முப்பது பேரின் பெயர்ப்பட்டியலைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் எழுதினான். ஆறு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், விளங்குது அண்ணை, ஆனால் எங்கள் சேர் விடமாட்டார் என்று எழுதினார்.

பிறகு எண்ண உட்கார்ந்தான். இரண்டு வருடப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டியிருந்தது. தேனுகா அவனோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து, "நான் போன வருசத்தைப் பார்க்கிறன்," என்றாள். மறைத்தது எல்லாமாக இருநூற்றுப் பதினாலு. வசை, கட்சிச் சண்டை, விளம்பரம் எல்லாவற்றையும் தள்ளினால் முப்பத்தொன்பது மிஞ்சின. மூடியில்லாத கிணறு, சரிந்த மின்கம்பம், விசர் நாய், யானை உடைத்த வேலி. முப்பத்தொன்பதின் கீழும் ஒரே நன்றி.

பழையதிலிருந்து தொடங்கினான். ஒரு பெண், வீட்டுக்குப் பின்னால் சபைக் காணியில் பட்டுப்போன பாலை மரம் சாய்ந்து நிற்கிறது என்று எழுதி, தன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தா. ஒன்றரை வருடத்துக்கு முந்தியது. அனிஸ்ரன் அந்த இலக்கத்துக்கு எடுத்தான்.

"அந்த மரமோ?" என்றா அந்தப் பெண். "அது போன மாரியிலையே விழுந்திட்டுது தம்பி."

"ஆருக்கும் ஏதும்...?"

"குசினி உடைஞ்சுபோச்சு. நாங்கள் அப்ப வயலிலை நிண்டபடியாத் தப்பினனாங்கள்." பின்னால் கோழி கத்துவது கேட்டது. "சபையிலை இருந்தோ கதைக்கிறீங்கள்? இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் எடுக்கிறீங்கள்?"

அனிஸ்ரன் தன் பெயரைச் சொன்னான். பிறகு, அவா எழுதிய அன்று என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினான்.